தோலுக்கு நல்லது கிருமியா, அது சுரக்கும் பொருளா?

கொழும்பில் காலி வீதி நெடுகிலும் இருக்கும் பார்மசிகளுக்குள் போனால், சவர்க்காரமும் கிறீமும் அடுக்கிய தட்டுகளில் சில புதுப் பெயர்கள் கண்ணில் படும்: ‘புரோபயோட்டிக் சீரம்’, ‘போஸ்ட்பயோட்டிக் லோஷன்’, ‘ஃபெர்மென்ட் எசன்ஸ்’. கைபேசியில் வரும் விளம்பரங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நல்ல பற்றீரியா, தோல் சிவந்து அரிக்கும் எக்சிமாவை மாற்றும், பருவை மாற்றும், தோல் தடித்துச் செதிலாகும் சொரியாசிஸையும் மாற்றும் என்கின்றன. மறுபக்கம், பற்றீரியா ஒன்று சுரக்கும் இரசாயனத்தை வைத்துச் செய்த கிறீமுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்திருக்கிறது என்பதும் உண்மையான செய்திதான். அப்படியானால் கடைத் தட்டில் இருக்கும் சீரமும் அந்தக் கிறீமும் ஒன்றா, ஒன்று வேலை செய்தால் மற்றதும் வேலை செய்யுமா என்று பலருக்குக் குழப்பம்.

இரண்டும் ஒன்றல்ல. எவ்வளவு தூரம் வேறானவை என்பதை விளங்கிக்கொள்ள ஒரு விஷயத்தை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு கிருமிக்கு ‘நல்லது’ என்று பட்டம் கொடுப்பதால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை. இந்தப் பொருள், இந்த அளவில், இந்த நோய்க்கு நல்லதா என்றுதான் கேட்க வேண்டும். கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன.

தோலில் குடியிருப்பவை

வளர்ந்த ஒருவரின் தோல் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீற்றர் பரப்பு. அதில் பற்றீரியா, பங்கசு, வைரஸ் எல்லாம் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. எண்ணெய்ப்பசை கூடிய நெற்றி, மூக்கு, முதுகுப் பகுதிகளில் கியூட்டிபக்டீரியம் ஆக்னெஸ். ஈரம் தங்கும் அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் ஸ்டஃபிலோகொக்கஸ், கொரினிபக்டீரியம் இனங்கள். தலையிலும் மார்பிலும், தோல் சுரக்கும் எண்ணெயையே உணவாகக் கொண்ட மலசீசியா என்ற மதுவம் (ஈஸ்ட்).

தின்றதை உடைத்து, வேறொன்றாக மாற்றி, ஒரு பகுதியை வெளியே விடுவது எல்லா உயிர்களும் செய்கிற வேலை. இதைத்தான் பாடசாலையில் அனுசேபம் என்று படித்திருப்போம். அதில் உருவாகும் பொருட்கள் அனுசேபப் பொருட்கள். தோலிலுள்ள நுண்ணங்கிகள் எண்ணெயை உடைத்துக் கொழுப்பமிலங்களை விடுகின்றன. தோலின் மேற்பரப்பு சற்றுப் புளிப்பாக, பீஎச் 5ஐ ஒட்டி இருப்பதில் இந்த வேலைக்கும் ஒரு பங்கு உண்டு. சில பொருட்கள் கழிவு மட்டுமே. சிலவற்றை நுண்ணங்கி தன் போட்டியாளரைக் கொல்லச் சுரக்கிறது. சில, தன் இனத்துக்கு அனுப்பும் சைகை. இன்னும் சிலவற்றை நம் தோற்கலங்களும் உணர்ந்து, அதற்கேற்ப நடந்துகொள்கின்றன. மருத்துவத்துக்கு இப்போது அதிகம் சுவாரசியமாக இருப்பது இந்தக் கடைசி வகைதான்.

ஒரே பெயரில் விற்கப்படும் மூன்று பொருட்கள்

குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. மூன்று வேறு விஷயங்கள் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன.

1. உயிருள்ள நுண்ணங்கி. ‘புரோபயோட்டிக்’ என்று முறைப்படி சொல்லக்கூடியது இது மட்டும்தான். ஆனால் தண்ணீர் கலந்த எந்தக் கிறீமும் பழுதாகாமல் இருக்க, கிருமி வளரவிடாத பதார்த்தம் அதில் சேர்க்கப்பட்டிருக்கும். அந்தப் பதார்த்தத்துக்கு நல்ல பற்றீரியா, கெட்ட பற்றீரியா என்ற வித்தியாசம் தெரியாது. கொழும்பு வெக்கையில் மாதக்கணக்காகத் தட்டில் நிற்கும் ‘புரோபயோட்டிக்’ கிறீமுக்குள் உயிரோடு ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

2. செத்த நுண்ணங்கி, அல்லது அதன் துண்டுகள். லேபிளில் ‘லைசேட்’ என்று இருந்தால் உடைக்கப்பட்ட கலங்கள் என்று பொருள். 2021இல் இத்துறை விஞ்ஞானிகளின் சர்வதேசக் குழு ஒன்று ‘போஸ்ட்பயோட்டிக்’ என்பதற்கு வரைவிலக்கணம் வகுத்தது. அதன்படி உயிரற்ற நுண்ணங்கியோ அதன் பாகங்களோ இருந்து, அவை உடலுக்கு நன்மை தருவதாகக் காட்டப்பட்டும் இருக்க வேண்டும். செத்த பற்றீரியா இருந்தால் மட்டும் போதாது. இந்த வகையில் முறையாகப் பரிசோதிக்கப்பட்ட உதாரணமும் உண்டு. வெந்நீரூற்றோடு தொடர்புடைய வித்ரியோசில்லா ஃபிலிஃபோர்மிஸ் என்ற பற்றீரியாவின் லைசேட்டை 5 சதவீதம் சேர்த்த கிறீமை, எக்சிமா உள்ள 75 பேரில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். அரிப்பும் தீவிரமும் ஓரளவு குறைந்திருந்தன. சிறிய ஆய்வு, மிதமான பலன்.

3. பிரித்தெடுத்த அனுசேபப் பொருள். கிருமியும் இல்லை, அதன் துண்டும் இல்லை. தனி ஒரு இரசாயனம். அதற்குப் பெயர் உண்டு, அமைப்புத் தெரியும், ஒரு கிராமில் எத்தனை மில்லிகிராம் என்று அளக்கலாம். பல வேளைகளில் தொழிற்சாலையில் கிருமியே இல்லாமல் தயாரிக்கவும் முடியும். மேலே சொன்ன வரைவிலக்கணத்தின்படி இது போஸ்ட்பயோட்டிக்கும் அல்ல, சாதாரண மருந்துதான்.

பலம் மிக்கது இந்த மூன்றாவது வகை. விளம்பரத்தில் சத்தம் போடுவது முதல் இரண்டும்.

பார்மசி அலுமாரியில் ஏற்கெனவே இருப்பவை

நுண்ணங்கியின் சுரப்பைத் தோலில் பூசுவது புதுமையான எண்ணம் என்று பலர் நினைக்கிறார்கள். வைத்தியரின் துண்டோடு பார்மசிக்குப் போகிறவர்கள் பல பத்தாண்டுகளாக அதைத்தான் வாங்கி வருகிறார்கள்.

முப்பிரோசின் களிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நீளத்தில் ஒரு டியூப். மேலே 2 சதவீதம் என்று எழுதியிருக்கும், அதாவது ஒரு கிராம் களிம்பில் 20 மில்லிகிராம். சூடோமொனாஸ் ஃப்ளூரசென்ஸ் என்ற மண் பற்றீரியா தன் போட்டியாளர்களை அடக்கச் சுரக்கும் பொருள் அது. ஸ்டஃபிலோகொக்கஸ் புரதம் தயாரிப்பதற்கு ஒரு குறிப்பிட்ட நொதியம் தேவை. முப்பிரோசின் அதை அடைத்துவிடும். பிள்ளைகளின் மூக்கடியிலும் வாயோரத்திலும் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டும் புண்ணுக்கு இதைப் பூசச் சொல்வார்கள்.

இந்த வரிசையில் இன்னும் சில:

1. ஃபியூசிடிக் அமிலம். ஃபியூசிடியம் கொக்சினியம் என்ற பங்கசிலிருந்து வந்தது. டென்மார்க்கில் உருவாகி 1962 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. இதை மட்டும் வாரக்கணக்கில் பூசிக்கொண்டே போனால் பற்றீரியா இலகுவாக எதிர்ப்புப் பெற்றுவிடும். பழைய டியூபில் மிஞ்சியதை அடுத்த பிள்ளைக்கும் பூசும் வழக்கம் நல்லதல்ல.

2. டக்ரோலிமஸ். 1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கிடைத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பற்றீரியாவின் சுரப்பு. இது கிருமியைக் கொல்லப் பயன்படும் மருந்தல்ல. தோலில் அழற்சியைக் கிளப்பும் நீர்ப்பீடனக் கலங்களை அமைதிப்படுத்தும். 0.03, 0.1 சதவீதக் களிம்புகளாக எக்சிமாவுக்குப் பயன்படுகிறது. அழற்சிக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டீரொயிட் களிம்பை நீண்ட நாள் பூசினால் தோல் மெலியும், இதனால் மெலியாது. அதனால்தான் முகத்துக்கும் கண்ணிமைக்கும் இதை விரும்பி எழுதுகிறார்கள்.

3. ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணில் கிடைத்த இன்னொரு ஸ்ட்ரெப்டோமைசிஸின் சுரப்பைச் சற்று மாற்றிச் செய்தது. சொறிச் சிரங்குக்கு விழுங்கவும், முகச் சிவப்பு நோயான ரோசேசியாவுக்குப் பூசவும் பயன்படுகிறது. இதற்காக சத்தோஷி ஒமுராவும் வில்லியம் கம்பெல்லும் 2015ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

அசிலெயிக் அமிலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் கதை நம் ஊர்த் தோலோடு ஒட்டியது. வியர்வை காயாத இந்த நகரத்தில் மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் தேமல் வருவது சர்வசாதாரணம். அதைக் கொண்டுவருவது வேறு யாருமல்ல, நம் தோலிலேயே குடியிருக்கும் மலசீசியா. 1970களில் ரோமில் இருந்த ஆய்வாளர்கள், இந்த மதுவம் கொழுப்பமிலங்களை உடைக்கும்போது அசிலெயிக் அமிலம் உருவாவதையும், அந்த அமிலம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் உற்பத்தியிலுள்ள ஒரு நொதியத்தைத் தடுப்பதையும் கண்டார்கள். தேமல் பட்ட இடம் ஏன் வெளிறுகிறது என்ற கேள்வியில் தொடங்கிய ஆராய்ச்சி, பருவுக்கு 20 சதவீதக் கிறீமாகவும் ரோசேசியாவுக்கு 15 சதவீத ஜெல்லாகவும் முடிந்தது. இன்று அந்த அமிலத்தைத் தொழிற்சாலையில் ஒலெயிக் அமிலத்திலிருந்து செய்கிறார்கள். மலசீசியா தேவையே இல்லை.

இந்த மதுவத்தை நல்லது என்பதா, கெட்டது என்பதா? அதை அளவுக்கு மீறி வளரவிட்டால் தேமல். அதன் ஒரு சுரப்பை எடுத்து அளவோடு பூசினால் மருந்து.

புழுவின் வயிற்றிலிருந்து வந்த கிறீம்

இனி செய்தியில் வந்த கிறீமுக்கு வருவோம். அதன் மருந்துப் பெயர் டப்பினரோஃப்.

மண்ணில் ஹெட்டரோரப்டைட்டிஸ் என்ற நுண்ணிய வட்டப்புழு வாழ்கிறது. அதன் குடலுக்குள் ஃபோட்டோரப்டஸ் என்ற பற்றீரியா இருக்கிறது. புழு ஒரு பூச்சியின் குடம்பிக்குள் நுழைந்து இந்தப் பற்றீரியாவை வெளியே விடும். ஓரிரு நாளில் பூச்சி செத்துவிடும். அதன் உடலுக்குள் புழுவும் பற்றீரியாவும் சேர்ந்து பெருகும். செத்த பூச்சி இருட்டில் மங்கலாக ஒளிரும் என்பது இந்தப் பற்றீரியாவின் இன்னொரு விசேஷம். அந்த உணவில் வேறு நுண்ணங்கி பங்கு கேட்டு வராதபடி பற்றீரியா சில இரசாயனங்களைச் சுரக்கிறது. அவற்றில் ஒன்று ஸ்டில்பீன் வகைச் சேர்மம். கனடாவில் இந்தப் புழுக்களை ஆராய்ந்தவர்கள் 1990களில் அதைப் பிரித்தெடுத்தார்கள். அழற்சியை அடக்கும் குணம் அதற்கு உண்டு என்பது பிறகு தெரியவந்தது. சீனா 2019இல் பென்விடிமோட் என்ற பெயரில் அதை சொரியாசிஸுக்கு அனுமதித்தது. அமெரிக்கா 2022 மே மாதம் வளர்ந்தோரின் சொரியாசிஸுக்கும், 2024 டிசம்பரில் 2 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் அட்டோபிக் எக்சிமாவுக்கும் (எக்சிமாவின் பரவலான வகை) 1 சதவீதக் கிறீமாக அனுமதித்தது.

பூச்சியைக் கொன்று தின்னும் ஒரு பற்றீரியாவை யாரும் ‘தோலுக்கு நல்ல கிருமி’ என்று விளம்பரம் செய்யமாட்டார்கள். ஆனால் இன்றைக்கு இத்துறையின் மிகப் பெரிய வெற்றி அதிலிருந்துதான் வந்திருக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் உண்மையில் புதிய பகுதி. நம் தோற்கலங்களுக்குள் ஏரைல் ஹைட்ரோகாபன் வாங்கி என்ற புரதம் இருக்கிறது. சுருக்கமாக ஏ.எச்.ஆர். வெளியிலிருந்து வரும் சில வகை இரசாயனங்களை உணர்வது அதன் வேலை. பொருத்தமான மூலக்கூறு வந்து ஒட்டியதும் அது கலத்தின் கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களை இயக்கும். அதனால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. தோலின் மேற்படையை இறுக்கமாக வைத்திருக்கும் ஃபிலகிரின், லோரிக்ரின் போன்ற புரதங்கள் கூடுகின்றன. சொரியாசிஸைக் கிளப்பும் இன்டர்லூக்கின் 17 போன்ற அழற்சிச் சைகைகள் குறைகின்றன. டப்பினரோஃப் ஒட்டுவது இந்த வாங்கியில்தான்.

தோல் கிளினிக்குகளில் நெடுங்காலமாகத் தார்க் களிம்பு கொடுத்து வந்திருக்கிறார்கள். கறுப்பாக, நாற்றமாக இருக்கும். சட்டையில் பட்டால் போகாது. நூறு ஆண்டுக்கு மேலாகப் பயன்பட்ட அந்த நிலக்கரித் தாரும் ஏ.எச்.ஆர் வழியாகவே எக்சிமாவுக்கு உதவுகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். தார் என்பது ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கலவை. எது மருந்து, எது அழுக்கு என்று பிரிக்க முடியாது. டப்பினரோஃப் தனி ஒரு சேர்மம், ஒரு கிராமில் 10 மில்லிகிராம், அவ்வளவுதான்.

சரி, பலன் எவ்வளவு? சொரியாசிஸுக்கு நடந்த இரண்டு பெரிய பரிசோதனைகளில் சேர்த்து 1,000க்கு மேற்பட்டவர்கள் பங்குபற்றினார்கள். நாளுக்கு ஒரு தடவை, 12 வாரம். தோல் முழுதாகவோ ஏறத்தாழ முழுதாகவோ தெளிந்தவர்கள், மருந்து பூசியவர்களில் 100க்கு 35 முதல் 40 பேர். மருந்தில்லாத அதே கிறீமைப் பூசியவர்களில் 100க்கு 6 பேர். எக்சிமாவில் 8 வாரத்தில் 100க்கு 45 பேரளவில் தெளிந்தார்கள். மருந்தில்லாத பக்கத்தில் 14 முதல் 18 பேர். இது நல்ல மருந்து. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த அளவு தெளிவு வரவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். சொரியாசிஸ் பரிசோதனைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மயிர்க்கால்களில் சிறு கட்டிகள் வந்தன, பெரும்பாலும் இலேசானவை.

அதே வாங்கியில் ஒட்டும் நஞ்சு

ஏ.எச்.ஆர் வாங்கியைத் தூண்டுவது எப்போதும் நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. 2004இல் உக்ரேனின் ஜனாதிபதி வேட்பாளர் விக்டர் யுஷ்செங்கோவுக்கு டையொக்சின் நஞ்சூட்டப்பட்டது. சில வாரங்களில் அவர் முகம் முழுக்கக் கட்டிகளும் தழும்புகளுமாக மாறிய படங்களை உலகமே பார்த்தது. டையொக்சின் ஒட்டுவதும் இதே வாங்கியில்தான். மிக இறுக்கமாக ஒட்டி, உடல் கொழுப்பில் நெடுநாள் தங்கி, இடைவிடாமல் தூண்டிக்கொண்டே இருக்கும். டப்பினரோஃப் தோலைத் தாண்டி இரத்தத்துக்குள் மிகக் குறைவாகவே போகிறது, போனதும் விரைவாக உடைந்துவிடுகிறது.

ஆகவே ‘இயற்கையான பற்றீரியாப் பொருள்’, ‘தோலின் வாங்கியைத் தூண்டுகிறது’ என்ற இரண்டு வசனங்களையும் வைத்து ஒரு பொருள் பாதுகாப்பானதா என்று சொல்லவே முடியாது. எந்த மூலக்கூறு, எவ்வளவு நேரம் தங்கும், எவ்வளவு பூசுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் தோலிலுள்ள பற்றீரியாக்களும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இந்த வாங்கியில் ஒட்டும் பொருட்களைச் செய்கின்றன. அவற்றில் இன்டோல்-3-அல்டிஹைட் என்ற ஒன்று எக்சிமாத் தோலில் குறைவாக இருப்பதாகவும், அதைப் பூசினால் எலிகளில் அழற்சி குறைவதாகவும் 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. பியூட்டிரேட் முதலான குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களைப் பற்றியும் இப்படி ஆய்வுகள் உண்டு. ஆய்வுகூடத்தில் நம்பிக்கை தருபவை. எக்சிமாவுக்கு இவற்றை எழுதிக்கொடுக்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை.

எக்சிமாவில் நடக்கும் இரசாயனச் சண்டை

அட்டோபிக் எக்சிமாவில் தடித்துச் சிவந்த இடங்களைச் சோதித்தால், ஏறத்தாழ 70 சதவீத நோயாளிகளில் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் இருக்கும். இந்தப் பற்றீரியாவின் நடத்தை ஒன்று கவனிக்கத் தக்கது. குறைந்த எண்ணிக்கையில் இருக்கும்போது ஓரளவு அடங்கியே இருக்கும். ஒன்றுக்கொன்று சைகை இரசாயனம் அனுப்பிக்கொண்டே பெருகும். சைகையின் செறிவு ஒரு மட்டத்தைத் தாண்டியதும் எல்லாம் ஒரே நேரத்தில் நஞ்சு சுரக்கத் தொடங்கும். தோல் உடையும், அரிப்பு கூடும், சொறிவோம், இன்னும் உடையும்.

கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ரிச்சர்ட் கலோவின் குழு கண்டது இதுதான்: ஆரோக்கியமான தோலிலுள்ள ஸ்டஃபிலோகொக்கஸ் ஹொமினிஸ் போன்ற உறவினங்கள் இரண்டு விதமான பொருட்களைச் சுரக்கின்றன. ஒன்று ஓரியஸைக் கொல்லும் சிறு புரதம். மற்றது ஓரியஸின் சைகையைக் குழப்பி, எண்ணிக்கை கூடினாலும் நஞ்சு சுரக்காமல் தடுக்கும் பெப்டைட், அதாவது அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி. இரண்டாவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொல்லப்படாத பற்றீரியாவுக்கு எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும் நெருக்கடியும் குறைவாக இருக்கலாம். அன்டிபயோட்டிக் எதிர்ப்பு கூடிவரும் காலத்தில் இப்படி ஒரு வழி தேவைதான்.

ஹொமினிஸின் ஒரு வகையை உயிரோடு கிறீமில் சேர்த்து 54 பேருக்குப் பூசிய முதற்கட்டப் பரிசோதனையின் முடிவு 2021இல் வந்தது. பாதுகாப்பாக இருந்தது. ஓரியஸ் குறைந்தது. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் எக்சிமாவின் தீவிரத்தில் இரு பக்கத்துக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை. உடலில் இருந்த ஓரியஸ் இந்தச் சுரப்புக்குச் சாகக்கூடிய வகையாக இருந்தவர்களில்தான் முன்னேற்றம் தெரிந்தது. ஓரியஸிலும் பல வகை உண்டு, எல்லாருக்கும் ஒரே பற்றீரியா போதாது.

ஒரு தோல்வி சொல்லித் தருவது

ரோசியோமொனாஸ் மியூகோசா என்ற பற்றீரியாவைப் பற்றி 2018இல் நல்ல செய்தி வந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் ஆரோக்கியமானவர்களின் தோலிலிருந்து எடுத்த இந்தப் பற்றீரியாவை 10 வளர்ந்தோருக்கும் 5 சிறுவர்களுக்கும் தெளித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு எக்சிமா குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத குழு அந்த ஆய்வில் இல்லை. அடுத்து ஒரு நிறுவனம் பெரிய அளவில், போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தது. 2021 செப்டம்பரில் முடிவு வெளியானது: தீவிரம் பாதியாகக் குறைந்தவர்கள் இரண்டு பக்கத்திலும் ஏறத்தாழ 60 சதவீதம். வித்தியாசம் இல்லை. திட்டம் கைவிடப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, போலி மருந்து பூசியவர்களில் 100க்கு 60 பேருக்குப் பாதி குறைந்தது என்பதுதான். எக்சிமா ஏறி இறங்கும் நோய். மிக மோசமாக இருக்கும்போதுதான் ஒருவர் புது மருந்து தேடுவார். அங்கிருந்து அது தானாகவே கொஞ்சம் இறங்கும். பரிசோதனையில் சேர்ந்தவர் ஒழுங்காக ஈரப்பதக் கிறீமும் பூசத் தொடங்குவார். இதெல்லாம் சேர்ந்து 60. ஒரு சீரத்தைப் பூசி, முன்னும் பின்னும் எடுத்த படம் போட்டு, ‘எனக்கு மாறிவிட்டது’ என்று ஒருவர் மனதாரச் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. சீரம் இல்லாமலும் அவருக்கு அதே அளவு மாறியிருக்குமா என்பதை அந்தப் படத்தால் சொல்ல முடியாது.

வாயால் விழுங்கும் புரோபயோட்டிக் மாத்திரைக்கும் இதே பதில்தான். ஏற்கெனவே வந்துவிட்ட எக்சிமாவுக்கு அவை உதவுமா என்று 39 பரிசோதனைகளை, 2,599 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த, மருத்துவப் பரிசோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2018 ஆய்வு, நோயாளி உணரும் அறிகுறிகளில் வித்தியாசம் மிகச் சிறிது அல்லது இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

லேபிளை எப்படி வாசிப்பது

கடையில் நிற்கும்போது உதவக்கூடிய சில விஷயங்கள்:

1. அழகுசாதனப் பொருட்களின் லேபிளில், கூடுதலாக உள்ள பொருள் முதலில் வரும்படி எழுதுவது வழக்கம். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். ஃபீனொக்சிஎதனோல் என்ற பழுதுதடுப்பான் வழக்கமாக 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கப்படுவதில்லை. ‘லக்டோபசிலஸ் ஃபெர்மென்ட்’, ‘பைஃபிடா லைசேட்’ என்பவை அதற்குப் பின்னால் எழுதியிருந்தால், அவை இருப்பது 1 சதவீதத்துக்கு மேல் அல்ல. பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் பின்பக்கத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

2. ‘ஃபெர்மென்ட் ஃபில்ட்ரேட்’ என்றால் பற்றீரியாவையோ மதுவத்தையோ வளர்த்து வடிகட்டிய திரவம். அதில் எந்த அனுசேபப் பொருள் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்காது. முள்ளங்கியை நொதிக்கவைத்து எடுக்கும் ஃபில்ட்ரேட்டைப் பல நிறுவனங்கள் கிறீம் பழுதாகாமல் இருப்பதற்காகவே சேர்க்கின்றன. உங்கள் தோலுக்காக அல்ல.

3. தோலை ஈரமாக வைக்கும் என்று சொல்வது அழகுசாதனத்தின் பேச்சு. எக்சிமாவையோ சொரியாசிஸையோ குணப்படுத்தும் என்று சொன்னால் அது மருந்தின் பேச்சு. இலங்கையில் மருந்துகளும், மருந்தா இல்லையா என்ற எல்லையில் நிற்கும் உற்பத்திகளும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ் வருகின்றன. நோயைக் குணமாக்கும் என்று விற்பவரிடம் பதிவு விவரத்தைக் கேட்பது உங்கள் உரிமை.

4. சில நாளிலேயே அற்புதமாக வேலை செய்யும், ஆனால் நிறுத்தியதும் முன்னிலும் மோசமாகத் திரும்பும் கிறீம் என்றால், அதில் சொல்லாமல் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். பங்கசால் வரும் படை என்ற தோல்நோய்க்கு அப்படிப்பட்ட கிறீமைப் பூசினால் அரிப்பு அடங்கும், பங்கசு உள்ளே பரவும், ஓரம் மங்கி அடையாளமே தெரியாமல் போகும். பிறகு வைத்தியருக்கே கண்டுபிடிக்கக் கஷ்டம்.

ஈரப்பதக் கிறீம் என்ற அளவில் இந்த சீரங்களில் சில நல்லவையாகவே இருக்கலாம். காசு இருக்கிறது, பூசினால் சுகமாக இருக்கிறது என்றால் பூசுவதில் பிழையில்லை. வைத்தியர் எழுதிய களிம்பை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இதை வைப்பதுதான் பிழை.

வீட்டுத் தயிர்

தயிரிலும் லக்டிக் அமிலம் என்ற அனுசேபப் பொருள் இருக்கிறதே, எருமைத் தயிரைப் பூசினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. காய்ந்து செதிலாகும் தோலுக்கு வைத்தியர்கள் எழுதும் லக்டேட் லோஷன் 12 சதவீதம் வரை இருக்கும். தயிரில் அந்தளவு இல்லை, பீஎச்சும் வேறு. ஆரோக்கியமான தோலில் பூசிக் கழுவினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆனால் வெடித்து நீர் வடியும் எக்சிமாவில், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, உணவுப் பொருளைப் பூசவே கூடாது. உடைந்த தோல் வழியாக உள்ளே போகும் உணவுப் புரதத்தை நீர்ப்பீடனம் எதிரியாகப் பதிந்துகொண்டு, பிறகு அதே உணவைச் சாப்பிடும்போது ஒவ்வாமை கிளம்பலாம். ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சவர்க்காரத்தைப் பாவித்த 2,000க்கு மேற்பட்டவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது இந்த வழியாகத்தான்.

வெளிறிய திட்டைக் கண்டால்

கடைசியாக, சீரம் தேடும் முன் பார்க்க வேண்டிய ஒன்று. தேமல் போல வெளிறிய ஒரு திட்டு. அரிப்பு இல்லை, செதில் இல்லை. பஞ்சால் தொட்டால் அந்த இடத்தில் உணர்வு குறைவு. இப்படி இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற மட்டத்திலிருந்து 1995இல் இலங்கை அதை ஒழித்தது உண்மை. ஆனால் புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், கொழும்பு உள்ள மேல் மாகாணத்திலும்தான். அரச ஆஸ்பத்திரிகளின் தோல் கிளினிக்குகளில் பார்த்துச் சொல்வார்கள், மருந்தும் இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ எடுக்க வேண்டும். நரம்பு பழுதாக முன்னர் தொடங்கினால் விரலும் பாதமும் தப்பும். அந்தக் கூட்டுச் சிகிச்சையின் முதுகெலும்பான ரிஃபம்பிசின், பிரான்சின் தென்கரை மண்ணிலிருந்து 1957இல் எடுத்த ஒரு பற்றீரியாவின் சுரப்பைத் திருத்திச் செய்த மருந்து. மாதத்துக்கு ஒரு தடவை, வளர்ந்தவருக்கு 600 மில்லிகிராம்.